முதற்பதிப்பின் மதிப்பு: டான் குயிக்ஸாட் நூலும் அந்தலுஸின் அரபுக் காகிதங்களும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

ஓதுமாறு ஏவிய கட்டளையோடு வஹீ தொடங்கப்பெற்ற சமுதாயம் நாம். ஆயினும் நம் இல்லங்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் உள்ள பழைய நூல்களின் மதிப்பை அறிந்தவர் நம்மில் சிலரே. ஒரு நூலின் முதற்பதிப்பை எவ்வாறு இனங்காண்பது, அதற்கு ஏன் மதிப்பு உண்டாகிறது என்பதை உலகப் புகழ்பெற்ற ஒரு நாவலின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் செர்வான்டிஸ் எழுதிய 'டான் குயிக்ஸாட்' என்பதே அந்நாவல். இவர் 1575 முதல் 1580 வரை அல்ஜீரியாவில் முஸ்லிம்களிடம் கைதியாக இருந்தவர். இவருடைய நாவலில் ஒரு வியப்பான செய்தி வருகிறது. துலைத்துலா என்று நம்மவர் அழைத்த தொலேதோ நகரக் கடைவீதியில் ஒரு சிறுவன் பழைய காகிதக் கட்டுகளை விற்க வருகிறான். அவற்றில் இருப்பது அரபு எழுத்து. கதை சொல்பவர் அரை ரியால் கொடுத்து முழுக் கட்டையும் வாங்குகிறார். அரபு அறிந்த ஒரு மொரிஸ்கோவிடம் உலர்திராட்சையும் கோதுமையும் கூலியாகத் தந்து மொழிபெயர்க்கச் செய்கிறார். சிதி ஹமீதி பெனெஞ்ஜெலி என்னும் அரபு வரலாற்றாசிரியர் எழுதியதே இக்கதை என்கிறார். இது கற்பனைதான், அரபியரைப் பற்றிய ஏளனச் சொற்களும் அந்நூலில் உண்டு. ஆனால் அக்கற்பனைக்குப் பின்னே ஒரு மெய்யான சோகம் இருக்கிறது.

எரிந்த நூல்களும் மறைந்த நூல்களும்

1492இல் கர்னாதா வீழ்ந்தது. சில ஆண்டுகளில் பேராயர் சிஸ்னெரோஸின் கட்டளையால் அந்நகரில் அரபு நூல்கள் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் ஒதுக்கி எடுக்கப்பட்டன. பின்னர் 1567இல் கர்னாதாவில் அரபு மொழியைப் பேசவும் எழுதவும் தடை வந்தது. கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட மொரிஸ்கோக்கள் சுமார் மூன்று லட்சம் பேர், 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். அரை ரியாலுக்கு விலைபோன அரபுக் காகிதம் என்பது அக்காலத்து வாசகர்கள் நன்கறிந்த காட்சியே.

முதற்பதிப்பை அறிவது எங்ஙனம்?

இந்நாவலின் முதற்பாகம் மத்ரித் நகரில் ஹுவான் தெ லா குவெஸ்தாவின் அச்சகத்தில் 1604ஆம் ஆண்டு இறுதியில் அச்சாகி, 1605 என்று ஆண்டு பொறிக்கப்பட்டு வெளிவந்தது. அதே 1605இல் மத்ரிதில் மீண்டும் ஒரு பதிப்பும், லிஸ்பனிலும் வாலன்சியாவிலும் வேறு பதிப்புகளும் தோன்றின. ஆகவே ஆண்டை மட்டும் பார்த்து எவரும் முதற்பதிப்பு என்று முடிவு செய்ய இயலாது. மத்ரிதின் இரண்டாம் பதிப்பையே முதற்பதிப்பென நீண்ட காலம் பலர் நம்பியிருந்தனர்.

அறிஞர்கள் இவற்றைப் பிரித்தறிந்தது மூன்று சான்றுகளால்.

முதலாவது, முகப்புப் பக்கம். முதற்பதிப்பில் 'உரிமையுடன்' என்று மட்டுமே இருக்கும். அந்த உரிமை காஸ்திலியா நாட்டுக்கு மட்டும் உரியது. லிஸ்பனில் அனுமதியின்றி நூல் அச்சானதால், மத்ரித் இரண்டாம் பதிப்பில் காஸ்திலியா, அரகோன், போர்த்துகல் என மூன்று நாடுகளின் உரிமையும் குறிக்கப்பட்டது.

இரண்டாவது, பிழை. முதற்பதிப்பில் சான்சோவின் கழுதை காரணம் கூறப்படாமலேயே காணாமற்போகிறது. பிறகு காரணமின்றித் திரும்பி வருகிறது. இரண்டாம் பதிப்பில் கழுதை களவுபோனதும் மீண்டதும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. ஆகவே அந்தக் குறையே முதற்பதிப்பின் அடையாளமாயிற்று. 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் இப்பிழையை அச்சகத்தார் மீது சாற்றி ஆசிரியரே நகையாடுகிறார்.

மூன்றாவது, காகிதம். 1870களில் பார்சலோனாவில் முதற்பதிப்பின் ஒளிப்பட நகல் பதிப்பும் வந்துவிட்டது. எழுத்து ஒன்றாக இருப்பினும், கையால் செய்த பழங்காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் வார்ப்புக் கோடுகளும் நீர்க்குறியும் தென்படும். இக்காகிதக் கலையை ஐரோப்பாவுக்குத் தந்தவர்கள் முஸ்லிம்களே. கிராஅத் கலையின் பேரிமாம் ஷாத்திபி (ரஹ்) பிறந்த ஷாத்திபா நகரின் காகிதத்தை, 12ஆம் நூற்றாண்டிலேயே புவியியல் அறிஞர் அல் இத்ரீஸி புகழ்ந்திருக்கிறார்.

மதரஸாவில் ஓதியோருக்கு இம்முறை புதிதன்று. பல நுஸ்காக்களை ஒப்பிட்டுப் பார்ப்பதை நம் முன்னோர் 'முகாபலா' என்றனர். ஒரு பிரதி எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்னும் ஸனதையும் ஆராய்ந்தனர். இன்று பழநூல் அறிஞர்களும் உரிமையாளர் கையொப்பம், நூலக முத்திரை ஆகியவற்றைத் தொடர்ந்து சென்று அதனையே செய்கின்றனர்.

மதிப்பு எங்கிருந்து வருகிறது?

1604 டிசம்பர் 20இல் அரசு இந்நூலுக்கு விலை நிர்ணயித்தது. 83 தாள்கள், தாளுக்கு மூன்றரை மரவேதி வீதம் 290½ மரவேதி. அது காகிதத்தின் அளவுக்கு இட்ட விலை. 2022 டிசம்பரில் பாரிஸ் ஏலத்தில் 1608ஆம் ஆண்டு மத்ரித் பதிப்பும் 1615இன் இரண்டாம் பாக முதற்பதிப்பும் சேர்ந்து ஐந்து லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயின. பிரதிகள் அரிதாகிவிட்டமை, பக்கங்கள் குறையாமை, பழைய கட்டு சிதையாமை, வந்த வழி தெளிவாக இருத்தல் ஆகிய நான்குமே இம்மதிப்பை உண்டாக்கின. பழமை மட்டும் ஒரு நூலை விலையுயர்ந்ததாக்குவதில்லை.

நமக்குரிய படிப்பினை

1884இல் ஸ்பெயினின் அல்மொனாசித் என்னும் ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, மறைவிடத்திலிருந்து மொரிஸ்கோக்களின் கையெழுத்து நூல்கள் வெளிப்பட்டன. மதிப்பறியாதோர் கையில் சில அழிந்த பின்னரே எஞ்சியவை காக்கப்பட்டன. அவற்றுட் பல, ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதியவை. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழும் இதே வகையினதே அன்றோ?

நம்மில் பழுதடைந்த முஸ்ஹஃபின் தாள்களைக் கண்ணியத்தோடு மண்ணில் புதைப்பதும் நீரில் விடுவதும் வழக்கம். அத்துடன் அரபுத் தமிழ்க் கிதாபுகளும் பழைய தமிழ் நூல்களும் சேர்ந்து போய்விடுகின்றன. மற்றவை பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. இலங்கையின் சித்திலெப்பை அவர்கள் 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. அதன் முதற்பதிப்பு போன்றதொரு நூல் அக்கட்டுகளில் இருந்தால் நாம் அறிவோமா?

ஆகவே, ஒதுக்குமுன் ஒவ்வொரு நூலின் முகப்பையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். அச்சகத்தின் பெயர், ஊர், ஹிஜ்ரி அல்லது ஆங்கில ஆண்டு, 'இரண்டாம் பதிப்பு' என்னும் சொல் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பசை நாடா ஒட்டாதீர்கள். ஓரங்களை வெட்டிப் புதுக் கட்டுப் போடாதீர்கள். முன்னோர் இட்ட கையொப்பத்தையும் வக்ஃபுக் குறிப்பையும் அழிக்காதீர்கள். வக்ஃபு செய்யப்பட்ட நூல் அமானிதமாகும். விலை எவ்வளவாயினும் அதனை விற்க நமக்கு உரிமையில்லை.

எரித்தவர்களின் கையிலிருந்து நூல்களைக் காக்க அந்தலுஸ் மக்கள் சுவருக்குள் மறைத்தார்கள். நம் நூல்களுக்கு எதிரி நம் அறியாமையே. அதிலிருந்து அவற்றைக் காக்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.