பழைய 'டான்', புது 'டான்'

"நல்லா இருக்கிற பழைய படத்தை ஏம்ப்பா மறுபடி எடுக்கறாங்க?" என்று அலுத்துக்கொள்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் மும்பைத் தமிழர்களான நாம் அப்படிச் சொல்ல முடியுமா? 1978-இல் சந்திரா பாரோட் இயக்கிய 'டான்' படத்தில் அமிதாபை ரசித்தோம். 1980-இல் அதே கதை 'பில்லா' ஆனபோது ரஜினிக்கு விசிலடித்ததும் நாம்தானே!

சலீம்-ஜாவேத் எழுதிய அந்தக் கதையின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. தாதா செத்துவிடுகிறான். அவனைப் போலவே இருக்கும் அப்பாவியைப் போலீஸ் அதிகாரி ஒருவர் கும்பலுக்குள் அனுப்புகிறார். உண்மை தெரிந்தவர் அவர் ஒருவரே. அவரும் சுடப்பட்டு விழுந்ததும், 'நான் அவன் இல்லை' என்று சொல்ல இவனுக்குச் சாட்சியே கிடையாது. ஊரைவிட்டு வந்து ரேஷன் கார்டுக்காக அலைந்த நம்மவர்களுக்கு இந்தப் பயம் புரியாதா என்ன?

2006-இல் ஜாவேத் அக்தரின் மகன் ஃபர்ஹான், ஷாருக் கானை வைத்து அதை மறுபடி எடுத்தார். அப்பாவி எப்போதோ செத்துப்போனான், அவன் பெயரில் நடமாடியது தாதாவேதான் என்று முடித்தார். சாமர்த்தியம்தான். ஆனால் யாருக்காகப் பதறினோமோ அவனே இல்லையென்றால்? எனக்கு ஏமாற்றம்; என் பையனுக்குப் பிரமாதம்!

2007-இல் விஷ்ணுவர்தன் எடுத்த அஜித்தின் 'பில்லா'வில் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும்தான் அதிகம். ஆனாலும் அப்பாவியைப் பிழைக்க விட்டார். அதனாலேயே எனக்கு அது பிடித்தது.

பையன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போன மாதம் வீட்டில் பழைய 'டான்' ஓடியபோது, அந்த அதிகாரி விழுந்ததும் "அய்யோ, போச்சு!" என்றது அவன்தான்.