வான்வழி லேசர் அளவீடும் வெள்ளப் படுகை வரைபடமும்

கரை புரளும் ஆறு எதுவரை பரவும் என்று காட்டுவது வெள்ளப் படுகை வரைபடம். அதை வரைய, நீர் எந்த உயரத்துக்கு எழும் என்பதும் நிலம் எந்த உயரத்தில் கிடக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். நீரைப் பற்றிய கணக்கில் பொறியாளர்கள் பல தலைமுறைகளாக உழைத்தார்கள். நிலத்தின் உயரத்தையோ, கையில் இருந்த பழைய வரைபடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பெரிய பிழை அங்கேதான் இருந்தது. விமானத்திலிருந்து லேசர் கதிரால் தரையை அளக்கும் லைடார் முறை அந்தப் பிழையைக் களைந்தது. ஒரு மாநிலம் முழுவதற்கும் இதைச் செய்துகாட்டிய முன்னோடி அமெரிக்காவின் வட கரோலினா.

அமெரிக்காவில் 1968இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் வந்தபின் இந்த வரைபடங்கள் சட்ட ஆவணங்களாயின. எந்த ஓர் ஆண்டிலும் நிகழ 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் எட்டும் எல்லையே அவற்றின் முக்கியக் கோடு. 1973க்குப் பிறகு, கோட்டுக்குள் இருக்கும் வீட்டை அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்குவோர் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்றானது. இவ்வளவு கனமான கோட்டுக்கு அடித்தளமோ மெலிந்தது. 10 அடி இடைவெளியில் சம உயரக் கோடுகள் வரைந்த ஒரு நிலவரைபடம், சோதிக்கும் புள்ளிகளில் பத்தில் ஒன்பது 5 அடிக்குள் சரியாக இருந்தாலே தரமானது என்று ஏற்கப்பட்டது. மலைச்சரிவில் 5 அடிப் பிழை எல்லையைச் சற்றே நகர்த்தும். கடலோரச் சமவெளியில் அதே பிழை ஒரு குடியிருப்பையே கோட்டுக்கு வெளியே தள்ளிவிடும்.

லேசர் 1960இல் பிறந்தது. விமானத்திலிருந்து அதைக் கொண்டு உயரம் அளக்கும் சோதனைகள் அடுத்த பத்தாண்டுகளிலேயே தொடங்கின. ஆனால் விமானம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது நொடிக்கு நொடி தெரியாமல் லேசர் தரும் தூரத்தால் பயனில்லை. 1990களில் ஜி.பி.எஸ். கருவியும் சாய்வை உணரும் கருவியும் லேசரோடு சேர்ந்தபோதுதான் அந்தத் தடை நீங்கியது. நிலத்தின் கணிசமான பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள நெதர்லாந்து 1990களின் நடுவில் நாடு முழுவதையும் லேசரால் அளக்கத் தொடங்கி 2003இல் முடித்தது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமையும் அதே காலத்தில் ஆற்றோரங்களை அளந்துவந்தது.

1999 செப்டம்பரில் டென்னிஸ் புயலின் மழையில் ஊறிக் கிடந்த கிழக்கு வட கரோலினாவை, 16ஆம் தேதி ஃபிளாய்ட் புயல் தாக்கியது. டார் ஆற்றின் கரையில் உள்ள பிரின்ஸ்வில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் உருவாக்கி 1885இல் முறைப்படி நிறுவிய ஊர். அவர்களுக்கு வாய்த்தது யாருக்கும் வேண்டாத தாழ்ந்த சதுப்பு நிலம். 1960களில் கட்டிய கரை இருந்தும் ஊர் மூழ்கி நாட்கணக்கில் நீருக்குள் கிடந்தது. மாநிலம் முழுவதும் பல்லாயிரம் வீடுகள் பாழாயின. வெள்ளம் புகுந்த பல இடங்கள் வரைபடத்தில் பாதுகாப்பான பகுதிகளாகவே காட்டப்பட்டிருந்தன. மாநிலத்தின் வெள்ள வரைபடங்களில் பாதிக்கு மேல் 10 ஆண்டுகளுக்கும் முந்தையவை.

2000இல் வட கரோலினா, மத்திய அவசரநிலை மேலாண்மை முகமையான ஃபெமாவுடன் ஒப்பந்தம் செய்து, தன் வரைபடங்களைத் தானே தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது. அப்படி ஏற்ற முதல் மாநிலம் அதுவே. 2001 தொடக்கத்தில் கிழக்கிலிருந்து விமானங்கள் பறக்கத் தொடங்கின. இலை உதிர்ந்த குளிர்காலமே அதற்கேற்ற பருவம். வெறும் கிளைகளுக்கிடையே கதிர் தரையைத் தொட்டுத் திரும்பும். கடலோர மாவட்டங்களில் 20 செ.மீ., உள்நாட்டில் 25 செ.மீ. பிழைக்குள் உயரம் கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. 100 மாவட்டங்களும் மூன்று கட்டங்களாக அளக்கப்பட்டன.

பறந்து அளப்பது பாதி வேலைதான். திரும்பிவந்த புள்ளிகளில் கூரை, மரம், தரை எல்லாம் கலந்திருக்கும். கணினி சல்லடைபோல் சலித்தாலும், மிச்சத்தை மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துத் திருத்த வேண்டும். சாலைக்கு அடியில் செல்லும் சிறுபாலம் மேலிருந்து தெரியாது. அப்படியே விட்டால் கணினி அந்தச் சாலையை அணையாகக் கருதி, இல்லாத ஏரியை உருவாக்கிவிடும். நில அளவைக்குப் பயன்படும் அகச்சிவப்புக் கதிரை நீர் உறிஞ்சிக்கொள்வதால் ஆற்றின் அடியும் தெரியாது. அதற்காக அளவையாளர்கள் ஆற்றில் இறங்கிக் குறுக்குவெட்டு அளந்தார்கள். பாலங்களின் திறப்பையும் அளந்தார்கள். லைடாரைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இந்த உழைப்பைத்தான்.

2007இல் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கை வட கரோலினாவின் படிப்பினையை நாடு முழுவதற்கும் விரித்தது. கையிருப்பில் இருந்த தேசிய உயரத் தரவு சராசரியாக 35 ஆண்டுகள் பழையது, வெள்ள வரைபடத்துக்குத் தேவையான துல்லியத்துக்கு வெகு கீழே இருக்கிறது என்று அது சொன்னது. நாடு முழுவதையும் லைடாரால் புதிதாக அளக்கப் பரிந்துரைத்தது. ஃபெமா அதுவரை வரைபடங்களைக் கணினிமயமாக்குவதில் பெரும் பணம் செலவிட்டிருந்தது. பழைய உயரத்தைப் புதிய திரையில் காட்டுவதால் துல்லியம் கூடாது என்பதைத் தெளிவாகச் சொன்னதே அந்த அறிக்கையின் பெருமை. வட கரோலினா ஆறுகளை எடுத்துக்கொண்ட அதே குழுவின் 2009 அறிக்கை, வரைபடத்தின் துல்லியத்தை நிர்ணயிப்பதில் நிலத்தின் உயரமே முதன்மையானது என்று காட்டியது. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் இன்றைய முப்பரிமாண உயரத் திட்டம் இந்த வழியில் வளர்ந்தது. சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 புள்ளி, 10 செ.மீ. பிழை என்பது அதன் அடிப்படைத் தரம். வட கரோலினாவும் 2014 முதல் தன் நிலத்தை இரண்டாம் முறையாக, இன்னும் நெருக்கமாக அளந்தது.

2016இல் மேத்யூ புயலின்போது பிரின்ஸ்வில் மீண்டும் மூழ்கியது. இம்முறை, வரைபடத்துக்கு ஆதாரமான அதே உயரத் தரவை ஆற்றுநீர்மானிகளோடு இணைத்து, நீர் எங்கே ஏறும் என்று காட்டும் இணையச் சேவை மாநிலத்திடம் இருந்தது. உயரம் தெரிந்த தெருக்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தர அது உதவும். ஆனால் வீட்டைத் தூக்கிக் கட்டவோ இடம் மாற்றவோ வேண்டிய பணத்தை எந்த லேசராலும் தர முடியாது.