கசியாத முகக்கவசம்: சிபாப் கருவியின் வரலாறும் சங்ககிரி லாரித் தொழிலும்

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். உடம்பு திணறும், மூளை ஒரு கணம் விழித்து வழியைத் திறக்கும், தூக்கம் கூடியதும் மறுபடி அடைபடும். இதுதான் தூக்க மூச்சுத்தடை நோய். மணிக்கு 15 முறை இப்படி நேர்ந்தால் நடுத்தரம், 30 முறையைத் தாண்டினால் கடுமை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். நோயாளிக்கு இது எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் குறட்டையும், அது சட்டென்று நின்றுபோவதும், பிறகு எழும் பெரிய திணறலும் கேட்கும். மறுநாள் பகலெல்லாம் நோயாளிக்குக் கண் சொக்கும்.

நடுத்தரமான, கடுமையான நோய்க்கு முதன்மைச் சிகிச்சை சிபாப் கருவி. முகக்கவசம் வழியாக மிதமான அழுத்தத்தில் காற்றை இடைவிடாமல் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்குவது அதன் வேலை. காற்றை ஊதும் மோட்டாரைச் செய்வது பெரிய வித்தையல்ல. முகத்தோடு ஒட்டி, காற்றைக் கசியவிடாமல், விடியும்வரை உறுத்தாமல் இருக்கும் கவசத்தைச் செய்வதுதான் கடினமாக இருந்தது. 1980 முதல் இக்கருவி கண்ட மாற்றங்களில் பெரும்பகுதி அந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவையே.

சங்ககிரியும் டிரைவரின் தூக்கமும்

பகலில் கண் அசருவது சிலருக்கு வீட்டோடு முடிகிற தொல்லை. லாரித் தொழிலில் அது உயிர்ப் பிரச்சினை. சேலம்–கோவை நெடுஞ்சாலையில் இருக்கும் சங்ககிரி, லாரி உரிமையாளர்களும் டிரைவர்களும் நிறைந்த ஊர். சிமெண்ட் ஆலையும் பெட்ரோலியக் கிடங்கும் இங்கே லோடுக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டன. சுற்றுவட்டாரமே இந்தத் தொழிலைப் பங்கிட்டுக்கொண்டது: நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் கேஸ் டேங்கர்களும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள்.

டிரைவரின் ஓய்வைப் பற்றிச் சட்டம் தொடக்கத்திலிருந்தே பேசிவந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. 1975இல் நேஷனல் பர்மிட் திட்டம் வந்தபின் தமிழக லாரிகள் வட மாநிலங்களுக்கு ஓடுவது எளிதாயிற்று; டிரிப்புகள் நாள்கணக்கில் நீண்டன. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், நேஷனல் பர்மிட் வண்டியில் குறைந்தது 2 டிரைவர்கள் இருக்க வேண்டும் என்றும், மாற்று டிரைவர் காலை நீட்டிப் படுக்க ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் முழு அகலத்துக்கு இருக்கை வேண்டும் என்றும் கூறின. ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்குவது அப்படிச் சட்டத்திலேயே இடம்பெற்றது. 2018இல் இரண்டாவது டிரைவர் கட்டாயம் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. இந்த விதிகளெல்லாம் தூங்கும் நேரத்தையும் தூங்கும் இடத்தையும் பார்த்தன. 8 மணி நேரம் படுத்தும் தூங்காதவனைப் போலவே எழுந்திருக்கிற ஒருவரை அவை கணக்கில் எடுக்கவில்லை.

கவசத்துக்கு முந்திய காலம்

உடல் பருத்து, பகலிலும் தூங்கி வழிபவர்களை மருத்துவ உலகம் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தது. 1956இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பர்வெல்லும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நிலைக்கு, சார்லஸ் டிக்கன்ஸ் நாவலில் வரும் தூங்குமூஞ்சிச் சிறுவனை நினைவில் கொண்டு, 'பிக்விக்கியன்' நோய் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் தூக்கத்தில் தொண்டை அடைபடுவதே காரணம் என்பது 1965இல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகளில்தான் தெளிவாயிற்று. 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியான் கில்லெமினோ இதைத் தனி நோயாக வரையறுத்தார்.

அப்போது இருந்த உறுதியான சிகிச்சை, கழுத்தில் மூச்சுக்குழாயைத் துளைத்து வழி செய்வது ஒன்றுதான். இரவில் துளையைத் திறந்து பகலில் மூடிக்கொள்ள வேண்டும். குணம் நிச்சயம், ஆனால் கழுத்தில் ஓட்டையோடு வாழச் சம்மதித்தவர்கள் குறைவு.

கவசம் வழியாக அழுத்தக் காற்று கொடுக்கும் யோசனை வேறு நோய்களுக்காக முன்பே பிறந்திருந்தது. 1936இல் லண்டன் மருத்துவர் போல்டன், இதயம் பழுதாகி நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு வேக்குவம் கிளீனர் மோட்டாரால் கவசத்துக்குள் காற்றைச் செலுத்தினார். 1938இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பூத்பி, லவ்லேஸ், புல்புலியன் ஆகிய மூவரும் விமானிகளுக்கான ஆக்சிஜன் கவசத்தை உருவாக்கினார்கள். 1971இல் ஜார்ஜ் கிரிகரி, நுரையீரல் முதிராமல் பிறந்த குழந்தைகளுக்குத் தொடர் அழுத்தக் காற்றுச் சிகிச்சை அளித்துக் காட்டினார். இவையெல்லாம் சில மணி நேரமோ சில நாட்களோ, மருத்துவமனையிலோ விமானத்திலோ தேவைப்பட்டவை. வீட்டில், ஆயுள் முழுக்க, ஒவ்வொரு இரவும் மாட்டித் தூங்க ஒரு கவசம் வேண்டும் என்ற நிலை இன்னும் வந்திருக்கவில்லை.

சிட்னியில் பசை வைத்து ஒட்டிய கவசம்

அந்த நிலை 1980 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வந்தது. மருத்துவர் காலின் சல்லிவனிடம் கடுமையான மூச்சுத்தடை உள்ள கட்டுமானத் தொழிலாளி ஒருவர் வந்தார். கழுத்தில் துளை போட அவருக்கு விருப்பமில்லை. சோதனைக்கு உட்பட ஒப்புக்கொண்டார். மூக்குவழியாக அழுத்தக் காற்று செலுத்தியதும் அடைப்பு விலகியது. அழுத்தத்தைக் குறைத்ததும் திரும்பியது. அன்று இரவு அவர் மணிக்கணக்கில் ஆழ்ந்து தூங்கி, காலையில் தெளிவாக எழுந்தார். 5 நோயாளிகளிடம் கண்ட முடிவுகளைச் சல்லிவன் குழு 1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் வெளியிட்டது. அவர்களுக்குத் தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவுதான்.

அந்த முதல் அமைப்பில், இரு நாசிகளிலும் மென்மையான குழாய்களைச் செருகி, விரைவில் இறுகும் சிலிகான் பசையால் சுற்றிலும் அடைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இது போதவில்லை. எனவே ஒவ்வொருவர் மூக்குக்கும் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அதன்மேல் கண்ணாடியிழைக் கவசம் வார்த்தார்கள். நோயாளி இரவுதோறும் விளிம்பில் பசை தடவி முகத்தில் ஒட்டிக்கொள்வார், காலையில் உரித்தெடுப்பார். அச்சு அவரவர் முகத்துக்கே உரியது என்பதால் காற்று கசியவில்லை. ஆனால் தோல் புண்ணாயிற்று. பசை வேலை அலுத்தது. ஒவ்வொரு கவசத்தையும் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அப்படிச் செய்துதர முடியாது.

குஷன் வந்தது

1985இல் அமெரிக்காவின் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம் முதல் வணிகச் சிபாப் கருவிகளில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சல்லிவனின் கண்டுபிடிப்பை வைத்து 1989இல் பீட்டர் ஃபாரல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய நிறுவனம் பின்னர் ரெஸ்மெட் ஆனது. தொழிற்சாலையில் வார்த்த ஒரே அச்சு பல முகங்களுக்குப் பொருந்த வேண்டும் என்ற கேள்விக்கு இந்த நிறுவனங்கள் கண்ட விடை சிலிகான் குஷன்.

குஷனின் விளிம்பில் இரண்டு சுவர்கள் உண்டு. உட்சுவர் தடிமனாகக் கவசத்தின் எடையைத் தாங்கும். வெளிச்சுவர் மிக மெல்லியது. உள்ளே வரும் காற்றே மெல்லிய சுவரை உப்பவைத்து, மூக்கின் ஓரத்திலும் கன்னத்தின் மேடுபள்ளத்திலும் படியவைக்கிறது. ஒட்டும் வேலையைச் செய்வது காற்றுதான். பட்டை கவசத்தை இடம் மாறாமல் பிடித்திருந்தால் போதும். பட்டையை இறுக்கினால் மெல்லிய சுவர் மடிந்து நசுங்கும். நசுங்கிய இடத்தில்தான் காற்று கசியும். இன்ஜினில் பேக்கிங்கை அளவுக்கு மீறி முடுக்கினால் எண்ணெய் வழியும் என்பதை அறிந்த லாரிப் பட்டறைக்காரருக்கு இது புதிய செய்தியல்ல.

1980களின் பிற்பகுதியில் நாசித் துளைகளில் மட்டும் அமரும் சிறிய நாசித் தலையணைகள் வந்தன. மூக்குத் தண்டில் எதுவும் படாததால் கண்ணருகே கசிவோ தோல் புண்ணோ இல்லை. வாயைத் திறந்து தூங்குபவர்களுக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் கவசம் 1990களில் பரவியது. அதன் விளிம்பு நீளம் என்பதால் கசிய வாய்ப்பும் அதிகம்.

1993இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கருவி உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அதற்குள்ளேயே பதிவு செய்து பார்த்தது. 35 பேரில் பாதிக்கும் குறைவானவர்களே, அதாவது 46 விழுக்காட்டினரே, 70 விழுக்காடு நாட்களில் 4 மணி நேரமாவது பயன்படுத்தியிருந்தார்கள். 1996இல் சிட்னிக் குழு ஒரு தீய சுழற்சியைக் கண்டறிந்தது: வாய்வழியே காற்று கசிந்தால் மூக்கு வறண்டு அடைத்துக்கொள்கிறது; மூக்கு அடைத்தால் வாய் மேலும் திறக்கிறது. காற்றை வெதுவெதுப்பாக ஈரமாக்கித் தரும் தொட்டி அதற்குப் பின் கருவியோடு இணைந்த வழக்கமான உறுப்பாயிற்று.

எந்தக் கசிவு குற்றம்

சிபாப் கவசத்தில் கசிவு அறவே இல்லாமல் இருக்கக் கூடாது. வெளிவிட்ட கரியமில வாயு வெளியேறக் கவசத்திலேயே நுண்துளைகள் உண்டு. அவற்றை அடைத்தால் மூச்சு முட்டும். குற்றம், விளிம்பிலும் வாயிலும் நேரும் கசிவு. ரெஸ்மெட் கருவிகள் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் இப்படிக் கசிந்தால் அதிகம் என்று கொள்கின்றன. அதைத் தாண்டினால் அழுத்தம் தொண்டையை எட்டாது, கண்ணில் காற்று அடித்துக் கண் வறளும், தூக்கமும் கலையும்.

பொருத்தும் முறையும் இந்த வரலாற்றிலிருந்தே பிறந்தது. உட்கார்ந்து மாட்டிப் பார்ப்பது போதாது. படுத்தபின் முகச் சதை சரியும். கருவியை ஓடவிட்டு, படுத்த நிலையில் பட்டைகளைத் தளர்த்தி, கவசத்தை முகத்திலிருந்து சற்றே தூக்கிக் குஷனைக் காற்றால் நிரப்பி, மெல்ல இறக்கிவைக்க வேண்டும். பிறகு கீழ்ப்பட்டைகளையும் மேல்பட்டைகளையும் இருபுறமும் சமமாகக் காற்று நிற்குமளவுக்கு மட்டும் சரிசெய்ய வேண்டும். பல்செட் கழற்றித் தூங்குபவர் கழற்றிய பின்தான் பொருத்த வேண்டும். கன்னம் உள்வாங்குவதால் அளவு மாறும். மேலுதட்டை மூடிய அடர்த்தியான மீசை, மெல்லிய சுவருக்குக் கீழே வழி விடும். அதற்கு நாசித் தலையணை ஏற்றது. தலைக்கு வைத்த எண்ணெயும் நாள் முழுக்கப் படிந்த தூசியும் வியர்வையும் சிலிகானை வழுக்கவைக்கும். முகத்தைக் கழுவித் துடைத்தபின் மாட்டுவதும், குஷனைத் தினமும் கழுவுவதும் இதனால்தான்.

கேபினுக்குள்

லாரி டிரைவருக்குத் தூங்கும் அறை, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் படுக்கைதான். மின்சாரத்துக்குக் கஷ்டமில்லை: கனரக லாரியின் பேட்டரி 24 வோல்ட், அதிலிருந்து சிபாப் கருவியை ஓட்ட அதற்குரிய டிசி கன்வர்ட்டர் கிடைக்கிறது. மின்சாரத்தை அதிகம் இழுப்பது ஈரப்பதத் தொட்டியின் சூடேற்றிதான். பேட்டரி கவலை உள்ளவர்கள் அதை நிறுத்திவிட்டு ஓட்டலாம். தொட்டியில் போர்வெல்லின் உப்புத்தண்ணீரை ஊற்றினால் வெள்ளைப் படலம் படியும். காய்ச்சி வடித்த நீரே முறை. குறுகிய படுக்கையில் புரளும்போது குழாய் கவசத்தை இழுத்து விளிம்பைத் தூக்கிவிடும். குழாயைத் தலைக்கு மேலே கொக்கியில் தொங்கவிட்டால் இந்தக் கசிவு இல்லை. இன்ஜின் வெக்கையில் முகம் வியர்த்தால் எந்தக் குஷனும் நிற்காது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற மத்திய அரசின் விதி, ஓட்டும் நேரத்தையாவது வியர்வையற்றதாக்கும்.

அண்மை ஆண்டுகளில் இரண்டு எச்சரிக்கைகள் வந்தன. ரெஸ்பிரானிக்ஸை வாங்கியிருந்த பிலிப்ஸ் நிறுவனம், ஒலியைக் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றில் கலக்கலாம் என்று 2021 ஜூனில் லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற்றது. எளிதாக மாட்டக் கவசப் பட்டைகளில் வைத்த காந்தங்கள், பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் உடலில் உள்ளவர்களுக்கு ஆபத்து என்று 2022 முதல் அறிவிப்புகள் வந்தன.

விதியில் இல்லாத கேள்வி

2004இல் வெளியான மும்பை ஆய்வு ஒன்று, 35 முதல் 65 வயது வரையிலான நகர ஆண்களில் 7.5 விழுக்காட்டினருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய மூச்சுத்தடை இருப்பதாகக் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் தன் ஓட்டுநர் உரிம விதிகளைத் திருத்தி, பகல் தூக்கத்தோடு கூடிய நடுத்தர, கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்கள் சிகிச்சையில் இருக்க வேண்டும் என்றும், கனரக வண்டி ஓட்டுபவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தியாவில் உரிமம் கேட்பவர் நிரப்பும் படிவம் 1, வலிப்பையும் மயக்கத்தையும் மாலைக்கண்ணையும் கேட்கிறது. குறட்டையைப் பற்றியோ பகல் தூக்கத்தைப் பற்றியோ கேட்பதில்லை. மத்திய அரசு ஊழியருக்குச் சிபாப் கருவியின் செலவை அவர்களுக்கான மருத்துவத் திட்டம் திருப்பித் தருகிறது; அந்தத் திட்டம் தனியார் லாரியின் டிரைவருக்கு இல்லை. கண் பரிசோதனையைப் போலத் தூக்கப் பரிசோதனையும் கனரக உரிமத்தின் பகுதியாவதும், கருவியோடு கவசத்தை முறையாகப் பொருத்திக் காட்டும் வசதி சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு போன்ற லாரி ஊர்களிலேயே கிடைப்பதும் காலத்தின் தேவை.