காய்ச்சலுடன் வரும் மாணவர் முதல் பள்ளி மூடல் வரை: புதிய தொற்று பரவும்போது அரசுப் பள்ளிகள் செயல்படுவது எப்படி?

ஹெப்பகோடி (பெங்களூரு): கோடை விடுமுறை முடிந்து கர்நாடகப் பள்ளிகள் 2025 மே மாத இறுதியில் திறக்கப்பட்டன. கொரோனா தொற்று மீண்டும் தலைகாட்டிய நிலையில், அடுத்த சில நாள்களில் மாநில சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டது. காய்ச்சல், இருமல், சளி போன்ற அறிகுறிகள் உள்ள பிள்ளைகளைப் பெற்றோர் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்றும், அறிகுறிகளுடன் வரும் மாணவர் குறித்துப் பெற்றோருக்குத் தெரிவித்து அவரை வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் அறிகுறி தென்பட்டால் அவர்களும் உரிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளைப் பின்பற்ற வேண்டும் என அறிவுறுத்தப்பட்டது.

படிப்பதற்கு எளிதான இந்த அறிவுறுத்தலை நடைமுறைப்படுத்துவது எல்லா ஊர்களிலும் ஒரே அளவுக்கு எளிதல்ல. பெங்களூருவின் தென்கிழக்கே, ஓசூர் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் இடையே அமைந்துள்ள ஹெப்பகோடி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் இப்பகுதியில் வசிக்கின்றன. தாயும் தந்தையும் ஷிப்ட் முறையில் பணிக்குச் செல்லும் வீட்டில், முற்பகல் 11 மணிக்குத் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருப்பார்கள் என்ற கேள்வி எழுகிறது. அன்றைய மதிய உணவும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில்தான் கிடைத்திருக்கும்.

புதிய தொற்று ஒன்று பரவத் தொடங்கும்போது அரசுப் பள்ளி நிர்வாகம் எவ்வாறு இயங்குகிறது, முடிவுகளை யார் எடுக்கிறார்கள், கடந்த சில ஆண்டுகளின் அனுபவம் என்ன கற்றுத்தந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முடிவெடுப்பது யார்?

அமெரிக்காவில் இருப்பதுபோல், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்டு தன்னிச்சையாக முடிவெடுக்கும் பள்ளி மாவட்ட வாரியங்கள் இந்தியாவில் இல்லை. ஹெப்பகோடியில் உள்ள அரசுப் பள்ளிகள் ஆனேகல் வட்டாரக் கல்வி அலுவலரின் நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. அவருக்கு மேல், பெங்களூரு நகர்ப்புற மாவட்டத்தின் தெற்குக் கல்விப் பிரிவுக்கான துணை இயக்குநரும், அவருக்கு மேல் மாநிலப் பள்ளிக் கல்வித் துறை ஆணையரும் உள்ளனர். பள்ளி அளவில் பெற்றோரை உறுப்பினர்களாகக் கொண்ட பள்ளி மேம்பாடு மற்றும் கண்காணிப்புக் குழு செயல்படுகிறது.

நோய் தொடர்பான அதிகாரம் வேறொரு வரிசையில் செல்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், வட்ட சுகாதார அதிகாரி, மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவு என அது அமைந்துள்ளது. பொது இடங்களை மூடுவது, கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிப்பது போன்ற உத்தரவுகளை மாவட்ட ஆட்சியர் அல்லது மாநில அரசு பிறப்பிக்கிறது. கர்நாடகத்தில் இதற்கான சட்ட அடிப்படையை, 2020-ஆம் ஆண்டின் கர்நாடகத் தொற்றுநோய்கள் சட்டம் வழங்குகிறது. தூய்மைப் பணி, கொசு ஒழிப்பு ஆகியவை நகரசபையின் பொறுப்பில் உள்ளன.

ஆக, கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி என மூன்று துறைகள் ஒரே பள்ளியின் வாசலில் சந்திக்கின்றன. இவற்றுக்கிடையே தகவல் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதைப் பொறுத்தே நடவடிக்கையின் வேகம் அமைகிறது.

முதல் எச்சரிக்கை மணி வருகைப் பதிவேடு

ஒரு வகுப்பில் ஒரே வாரத்தில் பல மாணவர்கள் ஒரே வகையான அறிகுறிகளுடன் விடுப்பு எடுத்தால், அது ஆய்வகப் பரிசோதனைக்கு முன்பே கிடைக்கும் தடயமாகும். அதைத் தலைமை ஆசிரியர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கும்போதுதான் நோய்க் கண்காணிப்பு தொடங்குகிறது. 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ், சுகாதார நிலையங்களிலிருந்து இத்தகைய தகவல்கள் மாவட்ட அளவில் தொகுக்கப்படுகின்றன.

2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களைப் பரிசோதிக்கின்றன. எனினும் இது ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பரிசோதனையே. அன்றாட மாற்றத்தைக் கவனிக்கும் வாய்ப்பு வகுப்பாசிரியருக்கு மட்டுமே உள்ளது.

டெங்கு: பள்ளிக்கும் சட்டப் பொறுப்பு

2024-ஆம் ஆண்டு டெங்கு பாதிப்பு அதிகரித்ததைத் தொடர்ந்து, செப்டம்பர் 3 அன்று கர்நாடக அரசு அதனைத் தொற்றுநோயாக அறிவிக்கை செய்தது. கொசு உற்பத்திக்கு இடமளிக்கும் கட்டடங்களுக்கு அபராதமும் நிர்ணயிக்கப்பட்டது. நகர்ப்புறங்களில் வீடுகளுக்கு 400 ரூபாயும், பள்ளி, கல்லூரிகள் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு 1,000 ரூபாயும், கட்டுமான இடங்கள் மற்றும் காலி மனைகளுக்கு 2,000 ரூபாயும் அபராதம் என அறிவிக்கப்பட்டது. ஊரகப் பகுதிகளுக்கு இதில் பாதித் தொகை நிர்ணயிக்கப்பட்டது.

மூடப்படாத தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடியில் தேங்கும் மழைநீர், உடைந்த குடம் ஆகியவை பள்ளியின் சட்டப் பொறுப்பாக மாறியது இதன்மூலம் உறுதியானது. டெங்குவைப் பொறுத்தவரை, பள்ளியை மூடுவதைவிட வளாகத்தைச் சுத்தமாக வைத்திருப்பதே முதன்மையான தடுப்பு நடவடிக்கை.

2020: மூடுவதற்கு ஒரே உத்தரவு போதுமானதாக இருந்தது

கர்நாடகத்தில் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 9 அன்று உறுதி செய்யப்பட்டது. அதே நாள்களில் பெங்களூரு பகுதியில் மழலையர் வகுப்புகளுக்கும், தொடர்ந்து தொடக்க வகுப்புகளுக்கும் விடுமுறை அறிவிக்கப்பட்டது. மார்ச் 10 அன்று கலபுரகியில் உயிரிழந்த 76 வயது முதியவரின் மரணம், நாட்டின் முதல் கொரோனா உயிரிழப்பு என மார்ச் 12 அன்று உறுதியானது. அடுத்த இரண்டு வாரங்களில் நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. இந்தியாவில் சுமார் 15 லட்சம் பள்ளிகள் மூடப்பட்டதால் 24.7 கோடி மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக யுனிசெஃப் மதிப்பிட்டது.

பள்ளிகளை மூடும் பணி சில நாள்களில் முடிந்தது. மாணவர்களுடனான தொடர்பைத் தக்கவைக்கும் பணி இரண்டு ஆண்டுகள் நீடித்தது.

முதலில் எழுந்தது உணவுப் பிரச்சினை. பள்ளிகள் மூடப்பட்டதால் மதிய உணவு நின்றுபோனதை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 18 அன்று தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. உணவு வழங்கப்படாத நாள்களுக்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி வழங்கப்பட வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகளில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்தது. கர்நாடகத்தில் 'அக்ஷர தாசோஹா' என்ற பெயரில் செயல்படும் மதிய உணவுத் திட்டத்தில், சமைத்த உணவுக்குப் பதிலாக உலர் தானியங்கள் வழங்கப்பட்டன. 2021 அக்டோபரில்தான் பள்ளிகளில் மீண்டும் சமையல் தொடங்கியது.

அடுத்து எழுந்தது கற்பித்தல் குறித்த சிக்கல். சிறு வகுப்புகளுக்கு இணையவழி வகுப்பு நடத்த மாநில அரசு 2020 ஜூனில் தடை விதித்தது. ஜூலை 8 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் தடைக்கு இடைக்கால நிறுத்தம் அளித்தது. ஆனால், ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. அத்தகைய மாணவர்களைக் கருத்தில்கொண்டு, உயர்நிலை வகுப்புப் பாடங்கள் தூர்தர்ஷனின் சந்தனா தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டன.

ஆசிரியர் மாணவரைத் தேடிச் சென்ற 'வித்யாகமா'

2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'வித்யாகமா' திட்டம், இந்தக் காலகட்டத்தின் முக்கியமான முயற்சியாகும். கைபேசியே இல்லாதவர்கள், இணைய வசதியற்ற கைபேசி உள்ளவர்கள், ஸ்மார்ட்போன் உள்ளவர்கள் என மாணவர்கள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். 20 முதல் 25 மாணவர்கள் கொண்ட குழுவுக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றார். கோயில் வளாகம், சமுதாயக் கூடம், மரத்தடி எனக் கிடைத்த இடத்தில் வகுப்புகள் நடைபெற்றன.

எனினும், ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தொற்று ஏற்பட்டதாகத் தகவல்கள் வெளியானதையடுத்து, அக்டோபர் மாதம் திட்டம் நிறுத்தப்பட்டது. மாணவரைச் சென்றடைய வேண்டும் என்ற நோக்கம் சரியானதாக இருந்தும், ஆசிரியரின் பாதுகாப்புக்கான ஏற்பாடு போதுமானதாக இல்லை என்ற விமர்சனம் எழுந்தது. 2021 ஜனவரி 1 முதல், பள்ளி வளாகத்துக்குள்ளேயே நடைபெறும் வகையில் திருத்தப்பட்ட வடிவில் திட்டம் மீண்டும் தொடங்கியது. அதே நாளில் 10 மற்றும் 12-ஆம் வகுப்புகளும் திறக்கப்பட்டன.

எல்லையின் இருபுறமும் இரு முடிவுகள்

2020-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு குறித்து அண்டை மாநிலங்கள் எதிரெதிரான முடிவுகளை எடுத்தன. தமிழக அரசு ஜூன் 9 அன்று தேர்வை ரத்து செய்து, அனைவரும் தேர்ச்சி என அறிவித்தது. கர்நாடகம் ஜூன் 25 முதல் ஜூலை முதல் வாரம் வரை எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை நடத்தியது. சுமார் 8.48 லட்சம் மாணவர்கள் பதிவு செய்திருந்த அத்தேர்வில், உடல் வெப்பநிலைப் பரிசோதனை, முகக்கவசம், இடைவெளியுடன் கூடிய இருக்கைகள், கட்டுப்பாட்டுப் பகுதி மாணவர்களுக்குத் தனி அறை ஆகிய ஏற்பாடுகள் செய்யப்பட்டன. தேர்வுக் காலத்தில் 32 மாணவர்களுக்குத் தொற்று உறுதியானதாக மாநில அரசு தெரிவித்தது.

அவ்வாண்டு ஓசூரில் படித்த மாணவர் தேர்வு எழுதாமலேயே அடுத்த வகுப்புக்குச் சென்றார். அதே சாலையில் உள்ள ஹெப்பகோடியில் படித்த மாணவர் முகக்கவசத்துடன் தேர்வறைக்குச் சென்றார். 2021-இல் கர்நாடகம் தேர்வை ஜூலை 19, 22 ஆகிய இரண்டே நாள்களில், பலவுள் தெரிவு வினாக்களுடன் நடத்தி முடித்தது.

மாநிலம் முழுவதுக்குமான உத்தரவிலிருந்து பகுதிவாரி முடிவுக்கு

இரண்டாம் அலைக்குப் பின் அணுகுமுறை மாறியது. பரிசோதிக்கப்படுவோரில் தொற்று உறுதியாகும் விகிதம் 2 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள மாவட்டங்களில் மட்டும் 2021 ஆகஸ்ட் 23 முதல் 9 முதல் 12-ஆம் வகுப்புகள் திறக்கப்பட்டன. 6 முதல் 8-ஆம் வகுப்புகள் செப்டம்பர் 6 அன்றும், 1 முதல் 5-ஆம் வகுப்புகள் அக்டோபர் 25 அன்றும் தொடங்கின. அதாவது, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளில் பலர் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வகுப்பறையைப் பார்க்கவில்லை.

ஒமைக்ரான் பரவலின்போது பெங்களூருவில் 2022 ஜனவரி 6 முதல் 1 முதல் 9-ஆம் வகுப்புகள் நிறுத்தப்பட்டு, ஜனவரி 31 அன்று மீண்டும் தொடங்கின. முதல் அலையின்போது மாதக்கணக்கில் நீடித்த மூடல், இம்முறை நான்கு வாரங்களுக்குள் முடிந்தது. ஜனவரி 3 அன்று தொடங்கிய 15 முதல் 18 வயதினருக்கான தடுப்பூசித் திட்டத்தில் பள்ளிகளும் முகாம்களாகப் பயன்பட்டன.

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் மற்றொரு முன்னுதாரணம். 2023 செப்டம்பர் 12 அன்று அங்கு நிபா தொற்று உறுதியானதும், செப்டம்பர் 14 முதல் கல்வி நிறுவனங்களுக்கு விடுமுறை அளிக்கப்பட்டு, வகுப்புகள் இணையவழிக்கு மாற்றப்பட்டன. தொடர்பில் இருந்தவர்கள் கண்டறியப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டனர். மொத்தம் 6 பேருக்குத் தொற்று உறுதியாகி, அவர்களில் 2 பேர் உயிரிழந்த நிலையில், செப்டம்பர் 25 அன்று வகுப்புகள் மீண்டும் தொடங்கின. மூடல் ஒரு மாவட்டத்தோடும் சில நாள்களோடும் நின்றதற்கு, தொடர்பறியும் பணி விரைவாக நடந்தது முக்கியக் காரணம்.

கற்றல் இழப்பின் கணக்கு

மூடல் காலத்தின் விளைவு பின்னரே தெரியவந்தது. 2022-ஆம் ஆண்டின் 'அசர்' கல்வி ஆய்வறிக்கையின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்பு மாணவர்களின் விகிதம் நாட்டின் ஊரகப் பகுதிகளில் 2018-இல் இருந்த 27.3 சதவீதத்திலிருந்து 20.5 சதவீதமாகக் குறைந்தது. இந்த இழப்பை ஈடுசெய்ய 2022-23-ஆம் கல்வியாண்டைக் கர்நாடகம் 'கலிகா சேதரிகே' எனும் கற்றல் மீட்பு ஆண்டாக அறிவித்து, பள்ளிகளை மே 16 அன்றே திறந்தது. தமிழகத்தில் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தின் நோக்கமும் இதுவே.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

* பள்ளிப் பதிவேட்டில் தற்போதைய கைபேசி எண்ணும், பகலில் தொடர்புகொள்ளக்கூடிய மற்றொருவரின் எண்ணும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். அடிக்கடி வீடு மாறும் குடும்பங்களுக்கு இது மிகவும் அவசியம்.

* பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தால், விடுப்புக்கான காரணத்தை வகுப்பாசிரியரிடம் தெளிவாகக் கூற வேண்டும். 'ஊருக்குப் போயிருந்தோம்' என்று சொல்லிவிட்டால், கண்காணிப்புக்கான முதல் தடயம் மறைந்துவிடும்.

* பள்ளி அறிவிப்புகள் கன்னடத்தில் மட்டும் இருந்து புரியாவிட்டால், பள்ளி மேம்பாடு மற்றும் கண்காணிப்புக் குழுவில் உள்ள பெற்றோர் உறுப்பினர்களை அணுகி விளக்கம் பெறலாம்.

* பள்ளி மூடப்பட்டால் மதிய உணவுக்கு ஈடாக என்ன வழங்கப்படும், எந்த நாளில் வழங்கப்படும் எனத் தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம்.

* மருத்துவ ஆலோசனைக்குக் கர்நாடகத்திலும் தமிழகத்திலும் 104 என்ற உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

எத்தனை நாள் விடுமுறை என்பதே ஒவ்வொரு தொற்றின்போதும் முதலில் கேட்கப்படும் கேள்வியாக உள்ளது. அந்த நாள்களில் உணவும் பாடமும் பிள்ளையை எவ்வாறு சென்றடையும், அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதும் அதே உத்தரவில் இடம்பெற வேண்டும் என்பதே 2020 முதல் 2022 வரையிலான அனுபவம் உணர்த்தும் பாடம்.