விண்ணப்பிக்காத செண்பகமும் விண்ணப்பிக்காத நம் பிள்ளைகளும்

செண்பகம் துரைராஜன் வழக்கு எல்லோருக்கும் தெரியும். கம்யூனல் ஜி.ஓ.வை வீழ்த்திய வழக்கு. அதில் பலர் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டதாகச் சொல்லி 1950இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன அந்த அம்மையார், அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விசாரித்துப் பார்த்தேன், பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டேன் என்பதுதான் அவர் சொன்னது. உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. கூடவே வழக்குப் போட்ட சீனிவாசன் மட்டும் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு முறையாக விண்ணப்பித்திருந்தார். அவருக்காக வாதாடியவர் அரசியலமைப்பு வரைவுக்குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர்.

அந்த அரசாணை என்ன சொன்னது? 14 இடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, 'ஹரிஜனங்களுக்கு' 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. இரண்டரை மாதத்துக்குள் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. இன்று நாம் கல்லூரியில் கேட்கும் 18 சதவீதத்துக்கும் 1 சதவீதத்துக்கும் அடித்தளம் அந்தப் பிரிவு.

'கிடைக்காது' என்று நினைத்து விண்ணப்பிக்காத ஒருவரின் குறை உச்சநீதிமன்றம் வரை போய் அரசியலமைப்பையே அசைத்தது. அதே 'கிடைக்காது' என்ற நினைப்பால் விண்ணப்பிக்காத நம் பிள்ளைகளின் குறை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் காலனிகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு உட்காரும்போது இதைத்தான் பார்க்கிறேன். நல்ல கட்-ஆஃப் இருக்கும். ஆனால் பட்டியலில் கிண்டியும் இருக்காது, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் இருக்காது. "அதெல்லாம் நமக்கு வராதுண்ணா" என்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் பதில் வராது.

பூட்டிய கதவுகளின் நினைவு அது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்க வேண்டியிருந்ததே, மற்ற பள்ளிகளின் கதவு நமக்குச் சாத்தியிருந்ததால்தான். பிறகு கதவு திறந்தாலும் வழி நீண்டது. 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது, நகரத்துப் பயிற்சி மையங்கள் பிழைத்தன. அதை ஒழிக்கும் சட்டம் 2006இல் நிறைவேறி, 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997இல் தொடங்கியது. அப்போது ஒரு பிள்ளையும் அப்பாவும் கூலியை விட்டு, பஸ் ஏறிச் சென்னை போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் மீதமிருக்கும் இடங்களைப் பார்த்துச் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். 2018இல் அது இணையத்துக்கு மாறியது. பஸ் செலவு மிச்சம், ஆனால் முடிவெடுக்கும் இடம் பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எந்தக் கல்லூரியோடு என்ன உறவு என்பது நமக்குத் தெரியாது.

அதனால் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலின் முதல் வரியை எடுக்கும். பொதுப்பிரிவில் இடம் இருந்தால் அதில் தரும், இல்லையென்றால் உங்கள் பிரிவில் பார்க்கும். இரண்டிலும் இல்லையென்றால் இரண்டாவது வரிக்கு இறங்கும். ஆக, கிண்டியை மேலே போட்டு அது கிடைக்காமல் போனால் கீழே இருக்கும் கல்லூரி பறிபோகாது. சீக்கிரம் விண்ணப்பித்தால் முன்னுரிமை என்பதும் இல்லை, மதிப்பெண்தான் வரிசை. நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: பத்து வரியோடு நிறுத்தினால் பத்தும் போய்விட்டால் அந்தச் சுற்றில் கையில் ஒன்றும் இருக்காது. மேலே ஆசை, நடுவில் கடந்த ஆண்டுகளின் எஸ்.சி. கட்-ஆஃபுக்குப் பொருந்துபவை, கீழே நிச்சயமானவை. நிச்சயமானவை என்றாலும் நீங்கள் உண்மையில் போய்ப் படிக்கத் தயாராக இருக்கும் கல்லூரிகளாக இருக்கட்டும். பிரிவுவாரியான பழைய கட்-ஆஃப் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கும். பொதுப்பிரிவின் எண்ணைப் பார்த்துப் பயந்து ஓடியவர்கள் நிறைய. 31 சதவீதப் பொதுப்பிரிவு எல்லோருக்கும் பொது, அது யாருடைய தனி ஒதுக்கீடும் அல்ல என்பதையும் நம் பிள்ளைகளுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அருந்ததியர் பிள்ளைகளுக்கு 2009 சட்டப்படி 18க்குள் 3 சதவீதம் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீதம் தனியாக இருக்கிறது, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

பணம்தான் பட்டியலைச் சுருக்கும் அடுத்த கத்தி. ஊருக்குள் வேன் வைத்துக்கொண்டு வந்து, "கவுன்சிலிங்கே வேண்டாம், சர்டிபிகேட்டைக் கொடுங்க, லேப்டாப் தர்றோம்" என்று அசல் சான்றிதழ்களை வாங்கிப் போகும் ஏஜெண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சேர்ப்பது பெரும்பாலும் மேனேஜ்மென்ட் கோட்டாவில். 2018 விதிமுறைப்படி அந்த இடத்துக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. கலந்தாய்வில் கிடைத்த அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கோ, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், கல்லூரி சுயநிதியாக இருந்தாலும் உதவித்தொகை உண்டு. 2012இன் அரசாணை எண் 92 இதற்குத்தான் வந்தது. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. எந்த வாசல் வழியாக நுழைந்தோம் என்பதில் நான்கு வருடக் கடன் தீர்மானமாகிறது.

எல்லோரும் பொறியியல் போக வேண்டும் என்றும் இல்லை. நெய்வேலி சிம்னியைப் பார்த்து வளர்ந்ததால் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் தவிர வேறு படிப்பு கண்ணில் படாதது நம் பகுதியின் தனிக் கோளாறு. அரசு கலைக் கல்லூரிகளுக்கும் 2020 முதல் இணையத்தில் விண்ணப்பம், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை, பதிவுக்கு மட்டும் இரண்டு ரூபாய். கடலூர் பெரியார் கல்லூரி, சிதம்பரம், விருத்தாசலம் என்று வீட்டிலிருந்து போய் வரக்கூடியவற்றைப் போடுங்கள். கூடவே சென்னை மாநிலக் கல்லூரியையும் ராணி மேரியையும் போடுங்கள். பையன்களுக்குச் சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா விடுதி இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகள் உண்டு. மகளைச் சென்னைக்கு அனுப்ப மாட்டேன் என்கிற அப்பாவிடம் பேச நேரமாகும், அதை ரிசல்ட் வந்த பிறகு தொடங்கினால் தாமதம்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் ஏப்ரலிலேயே விண்ணப்பித்து வையுங்கள். மே மாதம் இ-சேவை மையத்தில் கூட்டம் தெருவரை நிற்கும். பாஸ்வேர்டும் ஓ.டி.பி. வரும் போன் எண்ணும் பிள்ளையிடமோ வீட்டிலோ இருக்கட்டும், பிரவுசிங் சென்டர்க்காரரின் நோட்டில் அல்ல.