கொடுப்பில் அடங்கிய புகையிலையும் இறங்காத கஞ்சியும்

தென்காசிப் பகுதியில் அச்சன்புதூரை அடுத்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால், இவ்வட்டாரத்து வாய்ப்புற்றின் வரலாற்றைத் தேடுவோர் திருநெல்வேலியோடு நின்றுவிட இயலாது. அதே சமஸ்தானத்தின் தென்கோடியில் நெய்யூரில் லண்டன் மிஷன் நடத்திய மருத்துவமனை வரை செல்ல வேண்டும். 1922இல் எவரெஸ்ட் பயணக் குழுவில் வந்த அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் காத்துக்கிடந்த நோயாளிகளைக் கண்டு, லண்டன் பதவியைத் துறந்து அங்கேயே பணியாற்ற வந்தார். அம்மருத்துவமனையின் மருத்துவர் இயான் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரிடம் காணும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை, இந்நோய்க்கும் இப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு உணர்த்திய முன்னோடி ஆவணங்களுள் ஒன்றாகும்.

காம்பு கிள்ளிய வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மென்றபின், கன்னத்தின் உட்குழிவாகிய கொடுப்பில் அதை மணிக்கணக்கில் அடக்கிவைப்பது வழக்கம். புற்றும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே தோன்றுகிறது. பாக்கினால் கன்னத் தசை நார்போல் இறுகி, வாயில் இரண்டு விரல்கூட நுழையாத நிலையும் உண்டாகிறது. முதலில் காரம் எரிகிறது, பிறகு சோறு மெல்ல முடிவதில்லை, இறுதியில் கஞ்சியும் இறங்குவதில்லை. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே நோயாளி பாதி பட்டினியில் இருக்கிறார். கட்டியின்மீது மருத்துவம் காட்டிய அக்கறை உண்கலத்தின்பால் திரும்ப நெடுங்காலமாயிற்று என்பது வருந்தத்தக்கது.

உடல் எடைக்கும் உயிருக்கும் உள்ள உறவை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹைராம் ஸ்டட்லி 1936இல் எண்களால் காட்டினார். அவர் ஆராய்ந்தவர்கள் குடற்புண் நோயாளிகளே எனினும், அறுவைக்குமுன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் இழந்தவர்களில் 33 விழுக்காட்டினரும், அவ்வளவு இழக்காதவர்களில் 3.5 விழுக்காட்டினரும் இறந்தனர் என்ற கணக்கு வாய்ப்புற்றுக்கும் எச்சரிக்கையாயிற்று. கதிரியக்கச் சிகிச்சையில் வாயின் உட்சவ்வு வெந்து புண்ணாவதால் எடை மேலும் குறைகிறது. அதனால் சிகிச்சை இடையில் நின்றால் புற்று மீண்டும் தலைதூக்க வழி ஏற்படுகிறது.

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் ஒரு புற்றுநோய் மையம் எழுந்தது; பின்னர் 1981இல் திருவனந்தபுரத்திலும் ஒரு மையம் எழுந்தது. ஆரியங்காவுக் கணவாய் கடந்தால் எட்டக்கூடிய பின்னது தென்காசிப் பகுதியினருக்கு அண்மையானது. இரைப்பை நீரை வெளியே எடுத்துச் சோதிப்பதற்காக 1921இல் ஜான் ரைல் அறிமுகப்படுத்திய மெல்லிய குழாயே இன்று, வாயால் உண்ண இயலாத இந்நோயாளிகளுக்கு, மூக்கின் வழியே உணவை உள்ளே செலுத்துகிறது. நோயாளியின் தலையை உயர்த்தி வைத்து, துணியில் வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சியையோ பாலையோ சிரிஞ்சில் மெதுவாக இறக்கி, கடைசியில் சிறிது தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவும் இந்த வேலையை, பெரும்பாலும் வீட்டுப் பெண்களே நாள்தோறும் பலமுறை செய்துவருகின்றனர்.