ரதி வேஷமும் ‘ஒரு மாதிரி’ப் பையனும்

மாசியில் தோட்டத்துக்குள்ள காமன் கம்பம் ஊன்றியாச்சு என்றால், மன்மதனும் ரதியும் லயத்து வாசலுக்கு வந்துவிடுவார்கள். மன்மதனைச் சிவன் எரித்ததும் ரதி புலம்புகிற புலம்பலுக்கு அழாத கிழவி எங்கள் மலையில் கிடையாது. அந்த ரதி பரம்பரையாக ஓர் ஆண்தான். சேலை, சவுரி, வளையல், பொட்டு எல்லாம் போட்டு நிற்கிற பையனை யாரும் கிண்டல் பண்ண மாட்டார்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள். கூத்து முடிந்து வேஷம் கலைந்த பிறகு, அதே தோட்டத்தில் இன்னொரு பையன் கொஞ்சம் நெளிந்து நடந்தால், கையை ஆட்டிப் பேசினால், அவனுக்கு வைக்கிற பெயர்கள் உங்களுக்கே தெரியும். ஒம்போது. பொன்னயா. கொஞ்சம் மரியாதையான ஆட்கள் என்றால் “அவன் ஒரு மாதிரி” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

இந்த ‘ஒரு மாதிரி’யைத் தலைப்பாகவே வைத்து இந்தத் தீவில் பிறந்த ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’, 1994. எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தத் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை. ‘வேடிக்கைப் பையன்’ என்றால் சர்க்கஸ் கோமாளி மாதிரி இருக்குது. ‘விநோதமான சிறுவன்’ என்றால் பாடப்புத்தகம். கடைசியில் லயத்துச் சொல்தான் வென்றது.

கதை கொழும்பில் நடக்கிறது. ஆர்ஜிக்கு ஏழு வயசு. ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகள் எல்லாரையும் தாத்தா பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் போய்விடுவார்கள். பையன்கள் முன்பக்கம் கிரிக்கெட். ஆர்ஜி பின்பக்கம், பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு. எப்போதும் அவன்தான் மணப்பெண். சேலை சுற்றி, தலையில் முக்காடு போட்டால் அவனுக்கு வேறொரு ஆளாகிவிட்ட மாதிரி. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த மச்சாள் ஒருத்தி, பையன் எப்படி மணப்பெண் ஆகலாம் என்று கேட்கிறாள். சண்டை முற்றி, அவளுடைய அம்மா சேலையோடு ஆர்ஜியை இழுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்கள் முன்னால் நிறுத்துகிறார். அங்கேதான் ஒரு மாமா சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லைச் சொல்கிறார். அதற்குப் பிறகு அம்மா சேலை கட்டுகிறதைப் பார்க்க ஆர்ஜியை அறைக்குள் விடுவதில்லை. ஏன் என்று அவன் கேட்கிறான். அம்மாவுக்கு விளக்கம் வரவில்லை. இந்த நாவலில் எங்களை அதிகம் உலுக்கியது கலவரம் இல்லை, பதில் தெரியாமல் நிற்கிற இந்த அம்மாதான். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

ஆறு கதைகளாகப் போகிற இந்த நாவலில் ஆர்ஜி வளர்ந்து ஷெஹான் என்ற சிங்களப் பையனோடு காதலில் விழுகிறான். கடைசிப் பகுதி 1983 ஜூலை. வீடு எரிகிறது, தாத்தா பாட்டியை காரோடு எரிக்கிறார்கள், மிச்சக் குடும்பம் கனடாவுக்குப் போகிறது. செல்வதுரையும் அப்படிப் போனவர்தான். 1965 இல் கொழும்பில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா சிங்களவர். 83 கலவரத்துக்குப் பிறகு 19 வயசில் கனடா. தமிழன் என்று துரத்தின ஊர், ஒருபாலீர்ப்பாளன் என்றும் துரத்துகிற ஊராக இருந்தது. நாவல் இந்த இரண்டையும் பிரித்து வைக்கவில்லை. ‘முதல்ல இனப்பிரச்சினையைத் தீர்ப்போம், இதெல்லாம் பிறகு’ என்கிற ஆட்களுக்குக் கொடுக்க எங்களிடம் இருக்கிற முதல் புத்தகம் இதுதான்.

‘ஃபனி போய்’ பெரியவர்களுக்கான நாவலாக வந்தது. செல்வதுரை இளையோருக்கென்றே எழுதியது 2005 இல் வெளியான ‘சுவிம்மிங் இன் த மொன்சூன் சீ’. சும்மா சொல்லக்கூடாது, ஓ/எல் வகுப்புப் பிள்ளைக்கு நாங்கள் முதலில் கொடுப்பது இதைத்தான். 1980, கொழும்பு. அம்ரித்துக்கு 14 வயசு. பெற்றோர் இல்லை, அம்மாவின் தோழி வீட்டில் வளர்கிறான். பாடசாலையில் ‘ஒதெல்லோ’ நாடகம் ஒத்திகை போகுது. ஆண்கள் பாடசாலை, அதனால் பெண் பாத்திரமும் பையன்தான். அம்ரித்தின் கண் டெஸ்டிமோனா மேல். அந்த நேரம் கனடாவிலிருந்து நிரேஷ் என்ற மச்சான் வந்து இறங்குகிறான். பிறகு நடப்பதெல்லாம் பொறாமை. நிரேஷ் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தியோடு நெருங்கும்போது அம்ரித்துக்குள் எரிவது ஒதெல்லோவுக்குள் எரிந்த அதே நெருப்பு. இதில் கலவரம் இல்லை, சாவு ஊர்வலம் இல்லை. தன் மனசுக்குள் இருப்பது என்னவென்று ஒரு பையன் கண்டுபிடிக்கிறான், அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ கிடைக்க உலகம் நிறையக் காலம் காத்திருந்தது.

அமெரிக்காவில் ஜோன் டொனவன் 1969 இல் எழுதிய நாவலைத்தான் இந்த வகையில் முதலாவது என்பார்கள். அதில் இரண்டு பையன்கள் நெருங்கியதும் ஒருவனின் நாய் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறது. தன்னால்தான் செத்தது என்று அவன் நம்புகிறான். ரொம்பக் காலம் இப்படித்தான்: காதலித்தால் யாராவது சாகணும். நான்சி கார்டன் 1982 இல் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ எழுதி அதை உடைத்தார். இரண்டு பெண்பிள்ளைகள், கடைசியில் பிரியவும் இல்லை, சாகவும் இல்லை. அதற்காகவே 1993 இல் கன்சாஸ் சிட்டியில் அந்தப் புத்தகத்தைத் தெருவில் வைத்து எரித்தார்கள். பக்கத்திலுள்ள ஒலாத்தே பாடசாலை நூலகங்களிலிருந்தும் எடுத்தார்கள். மாணவர்களும் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1995 இல் புத்தகத்தைத் திரும்ப வைக்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. இன்றைக்கு நெட்பிளிக்ஸில் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ பார்க்கிற தங்கச்சிமாருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்கணும்.

அதே 1995 இல் எங்கள் நாட்டில் நடந்தது வேறு. தண்டனைச் சட்டக் கோவையின் 365 ‘அ’ பிரிவு, ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கி வைத்திருந்தது. அந்த வருஷம் சட்டத்தைத் திருத்தினார்கள். எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். திருத்தம் வந்தபோது ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘எவரும்’ என்று போட்டிருந்தது. பெண்களும் உள்ளே வந்தாச்சு! பால் சமத்துவத்தை இப்படியும் கொடுக்கலாம் போல.

இந்தச் சட்டத்தின் பிறந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க. தண்டனைச் சட்டக் கோவை வந்தது 1883. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867. 1869 இல் கோப்பியில் இலைநோய் விழுந்து, அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் மலை முழுக்கத் தேயிலையாக மாறியது. அதாவது எங்கள் பாட்டன் பூட்டன்களை லயத்துக் காம்பிராவுக்குள் அடைத்த அதே ஆட்சி, அதே காலத்தில், யார் யாரோடு படுக்கலாம் என்றும் எழுதி வைத்தது. இப்போது ‘இது நம்ம கலாசாரம் இல்லை, வெள்ளைக்காரன் பழக்கம்’ என்று சொல்கிறோம். வெள்ளைக்காரன் கொண்டு வந்தது சட்டத்தை. ரதிக்குச் சேலை கட்டிவிட்டது நாங்கள்.

2023 இல், மலையகத்துக்கு 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் நடந்த அதே வருஷம், 365 ஐத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் அந்த மே மாதம் சொன்னது. சட்டமூலம் நிறைவேறவில்லை, 2024 இல் பாராளுமன்றமே கலைந்தது.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கடலுக்கு அந்தப்பக்கம் கி. ராஜநாராயணன் ‘கோமதி’ என்று ஒரு சிறுகதை எழுதி வைத்திருக்கிறார். சேலை கட்டி, வீடுகளில் சமையல் செய்கிற கோமதியை அவர் கிண்டல் பண்ணாமல் எழுதியது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். 1990களில் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’. பிறகு அவர்களே எழுதத் தொடங்கினார்கள்: லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’, ரேவதியின் ‘வெள்ளை மொழி’. சென்னையின் குயர் சென்னை குரோனிக்கிள்ஸ் 2018 இல் கிரீஷின் ‘விடுபட்டவை’யை வெளியிட்டது. இவற்றில் பலதும் தன்வரலாறு. வாழ்ந்து, அடிபட்டு, எழுந்து வந்தவர்களின் கதை. பதினாலு வயசுப் பிள்ளைக்கு அடிபடுவதற்கு முன்னாலேயே கையில் ஒரு கதை வேணும் இல்லையா? இந்தியாவில் ஆங்கிலத்தில் அது 2014 இலேயே வந்துவிட்டது. ஹிமாஞ்சலி சங்கரின் ‘டாக்கிங் ஒஃப் முஸ்கான்’, பாயல் தாரின் ‘ஸ்லைட்லி பர்ன்ட்’, இரண்டும் ஒரே வருஷம்.

செல்வதுரையோடு எங்களுக்கு ஒரு சண்டையும் உண்டு. ஆர்ஜியின் உலகத்தில் கார் இருக்குது, பெரிய வீடு இருக்குது, சேலை கட்டிப் பார்க்க ஒரு பின்பக்கம் இருக்குது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பிராவில் பின்பக்கம் ஏது? அஞ்சு பேர் படுக்கிற இடத்தில் ஒரு பிள்ளை எதை ஒளித்து வாசிக்கும்? போன் அண்ணனுடையது, டேட்டா அப்பாவுடையது. ஆர்ஜிக்குக் கடைசியில் கனடா கிடைத்தது. அதே 77 இலும் 81 இலும் 83 இலும் அடிபட்ட எங்கள் ஆட்கள் போனது வன்னிக்கு. அதற்கு முன்னாலேயே 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்து வைத்திருந்தது. அப்படிப் பிரிந்த குடும்பங்களில் ‘ஒரு மாதிரி’ப் பிள்ளைகள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? சி.வி. வேலுப்பிள்ளை, கோகிலம் சுப்பையா, தெளிவத்தை ஜோசப் என்று நாங்கள் வாசித்து வளர்ந்த பக்கங்களில் பசி இருக்கிறது, பெரட்டு இருக்கிறது, கங்காணி இருக்கிறார். அந்தப் பிள்ளையை நாங்கள் பார்க்கவில்லை.

இதற்காக ‘ஃபனி போய்’யை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒதுக்கவேண்டியது ஏதாவது இருந்தால், எங்கள் கருத்தில், 2020 இல் தீபா மேத்தா எடுத்த படம்தான். தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழர்களைப் போதுமான அளவு எடுக்கவில்லை, பேசுகிற தமிழ் காதில் விழ முடியவில்லை என்று கனடாத் தமிழர்களே கொதித்தார்கள். ஒஸ்கார் பிறமொழிப் பிரிவுக்குக் கனடா அனுப்பியபோது, ஆங்கிலம் கூடிவிட்டது என்று திருப்பி விட்டார்கள். தமிழ்க் குடும்பத்தின் கதைக்கு வந்த கதி இது.

நாங்கள் இப்போது செய்கிறது சின்ன வேலை. ‘ஃபனி போய்’யின் முதல் கதையை ஒருவர் ஆங்கிலத்தில் வாசிக்க, இன்னொருவர் தோட்டத்துப் பேச்சில் சொல்லிக்கொண்டே போவது. ‘டிரோயிங் ரூம்’ வந்த இடத்தில் இஸ்தோப்பு என்று சொல்லிப் பார்த்தோம், சரியாக உட்கார்ந்தது. பல வருஷம் ரதி வேஷம் கட்டின ஒரு அண்ணன் போன முறை வந்து கேட்டுக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் எங்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “அந்தப் பையன் சேலையை அவனே கட்டிக்குவானா, இல்ல கட்டிவிட ஆள் வேணுமா?”